கல் விரல் நீட்டிய காலை

வாசு,

நீ வாக்கிங் போனதும் மீன்தொட்டி அலாரம் அலறியது. தண்ணீர் குறைந்திருந்தது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், தண்ணீரில் பாஸ்பேட் ஏறியதிலிருந்து கல் போலச் சுருங்கிக் கிடந்த பவளம் முழுக்க விரிந்திருக்கிறது! உடம்பெல்லாம் குட்டிக் குட்டி விரல்கள், அத்தனையும் அசைகின்றன. ஆபீஸ் கேப் ஹாரன் அடித்தும் நகர முடியவில்லை.

மீன்களுக்கு உறைந்த இறாலை அலசிப் போட்டால் பாஸ்பேட் குறையும் என்றாய். குறைந்துவிட்டது. அலச என் டீ வடிகட்டியை எடுத்ததற்குத்தானே அவ்வளவு சண்டை? இனி அது உனக்கே.

உப்புமா ஹாட்பாக்கில். சாவி செருப்பு ஸ்டாண்டில்.

பி.கு.: தொட்டியை வாங்க இன்று வருவதாக இருந்த குகட்பள்ளி சௌந்தரராஜன் போன் செய்தார். விற்கவில்லை என்றேன்.

"நீங்கதானேம்மா விக்கச் சொன்னீங்க?"

"அப்ப அந்தப் பவளத்தைக் கல்லுன்னு நெனச்சேங்க!"