நாலாவது கடையின் சாவி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் திடமாக இருக்கிறார்கள். அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீங்கள் மூவரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் மளிகைக் கடைகள் உண்டான கதையைப் பாப்பா பள்ளியில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். பாதி நீ பிறப்பதற்கு முன்னும், மீதி நீ வெளியூரில் படித்தபோதும் நடந்தது என்பதால் நானே எழுதுகிறேன்.

முதல் கடை அப்பா தொடங்கியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, தொடங்கியது அம்மா. அப்பா அப்போது மொத்த வியாபாரி ஒருவரிடம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் சாமான் போகுது, நம்ம வீட்டு வழியா கொஞ்சம் போனா என்னங்க?" என்று ஒருநாள் கேட்டவள், கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு முன்னறை ஜன்னல் வழியாக உப்பும் சோப்பும் விற்க ஆரம்பித்தாள். 'ஜன்னல் கடை' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பிறகு ஜன்னலை இடித்துக் கதவு வைத்தோம். பெயர் போகவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டாவது கடையை அப்பா திறந்தார். மூன்றாவதில்தான் சண்டை வந்தது. வாங்க வருகிறவர்களே உள்ளே வந்து எடுத்துக்கொள்கிற மாதிரி அலமாரி வைக்கலாம் என்றான் உன் அண்ணன். "அவங்களே எடுத்துக்கிட்டா கடைக்காரன் எதுக்கு? வேடிக்கை பாக்கவா?" என்று அப்பா குதித்தார். அவனும் ரோஷக்காரன். அடுத்த தெருவில் வேறு பெயரில் தனியாகக் கடை போட்டான். இருவருக்கும் பேச்சு நின்றது. அம்மாவும் நானும் இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் கொண்டுபோய் அலுத்துவிட்டோம்.

ஒரு பெருமழையில் பேருந்து நிலையக் கடைக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்தது. உன் அண்ணன் வண்டியோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், நனையாத மூட்டைகளை எல்லாம் ஏற்றித் தன் கடையில் இறக்கினான். சரக்கு அங்கே இருந்ததால் அப்பாவும் போகவேண்டியதாயிற்று. கல்லாவுக்குப் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது நம் பழைய வாடிக்கைக்காரம்மா ஒருவர் வந்து, ஒவ்வொரு சோப்பாக எடுத்து முகர்ந்து பார்த்து, கடைசியில் புதிதாக ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டார். அவர் போனபின் அப்பா மெதுவாகச் சொன்னார்: "அந்தம்மா நம்மகிட்ட எப்பவும் ஒரே சோப்புதான் வாங்கும். வேற இருக்குன்னு நான் காட்டினதே இல்லடா." அவ்வளவுதான், பேச்சு வந்துவிட்டது. சீக்கிரமே அந்தக் கடைக்கும் ஜன்னல் கடை என்ற பலகை ஏறியது.

பாப்பாவுக்கு இதுவரை போதும். இனி உனக்கு மட்டும்.

புதுக் குடியிருப்புப் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட இடத்தில் நாலாவது கடை கட்டி முடிந்துவிட்டது. போன வாரம் அம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது, "அது சின்னவனுக்கு. அவன் வர்ற வரைக்கும் பூட்டியே கிடக்கட்டும்" என்றார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அம்மா கரண்டியை டங்கென்று வைத்தாள். "அவனுக்கு அங்க நல்ல வேலை, நல்ல வாழ்க்கை. மூணு கடைக்கும் மாறி மாறி ஓடி முட்டுக் கொடுத்தவ இங்க நிக்கிறா. அவ மட்டும் கண்ணுல படமாட்டாளா?" உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் தோணுச்சும்மா. அக்கா கேக்கலையேன்னு விட்டுட்டேன்" என்றான்.

மறுநாள் காலையில் அப்பா என் வீட்டுக்கு வந்து சாவியை என் கையில் வைத்தார். "பெயிண்டர் வந்திருக்கான். என்ன கலர்னு போய்ச் சொல்லும்மா" என்றார். நான் மஞ்சள் சொன்னேன். என் வீட்டுக்காரர், "இனிமே வீட்டுச் சாமானுக்கு நானும் வரிசையில நிக்கணுமா?" என்று கேலி செய்துகொண்டே அலமாரிகளை நிறுத்திக் கொடுத்தார்.

தம்பி, அப்பா வாய்விட்டுச் சொல்லமாட்டார். உனக்கு வைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருப்பார். 'அக்காவே நடத்தட்டும்' என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடு. மனதில் வேறு ஏதாவது இருந்தால் அவரிடம் வேண்டாம், என்னிடம் சொல். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் வாழவேண்டும். பேசத் தோன்றினால் இனி வீட்டு எண்ணுக்கு அழைக்காதே. புதுக் கடை எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான்தான் எடுப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் அக்கா