அக்கா போனுக்கு நான்தான் வாரிசு

அக்டோபர் 12, 2022

இறந்துபோன டட்லி இன்று காலை எனக்குக் கறுப்புக் கண்ணாடி விற்கப் பார்த்தான்.

என் சித்தப்பா மகன். போன புயலுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தவன். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். பாரத்தில் பாதி என் தோளில்தான் இருந்தது. அவனுடைய இணையப் பக்கத்திலிருந்து செய்தி வருகிறது: ‘அசல் கம்பெனிக் கண்ணாடி, எண்பது சதவீதம் தள்ளுபடி, இன்று மட்டும்.’ உயிரோடு இருந்தபோது ஒரு தூண்டில் முள்ளைக்கூட எனக்குத் தள்ளுபடியில் கொடுக்காதவன்.

யாரோ திருடன் அவன் கணக்குக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டான் என்று அக்கா மகள் ரெனெல் போனில் விளக்கினாள். கடவுச்சொல் டட்லியோடு போய்விட்டது, வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அழுகிறாளாம். ஊரில் நாற்பது பேர் கண்ணாடி வாங்கி ஏமாந்தார்கள் என்று முடிவெட்டும் கடையில் சொன்னேன். உண்மையில் இரண்டு பேர். ஆனால் அதில் ஒருவர் பாதிரியார். அவரை முப்பத்தொன்பது பேராகக் கணக்கு வைக்கலாம்.

அக்டோபர் 29, சனி

அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின சனி. வழக்கம்போல் எல்லோரும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனோம். இந்தச் சதுப்பில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், அதனால் எங்கள் ஆட்கள் செத்த பிறகும் தரைக்கு மேலேதான் படுக்கிறார்கள். அப்பா, அம்மா, அத்தான் கிளோவிஸ் மூன்று பேரையும் பளிச்சென்று வெள்ளையாக்கினோம். அதிகம் அடித்தது நான். உட்கார்ந்துகொண்டு அடித்தேன், அது வேறு விஷயம்.

டிரக்கின் பின்பலகையில் அமர்ந்து அரிசியும் இறைச்சியும் அடைத்த பூடான் சாசேஜைப் பிதுக்கித் தின்றுகொண்டிருந்தபோது ரெனெல் பேச்சை எடுத்தாள். லஃபயெட் நகரத்தில் வங்கி வேலை பார்க்கிறவள், எதையும் முறைப்படி செய்கிற பெண். கல்லுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறோம், போனுக்குள் இருப்பதை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். டட்லி மாமாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு பொறுப்பாளரை இப்போதே சொல்லிவைக்க வேண்டும் என்றாள்.

நான் உடனே கையைத் தூக்கினேன். எல்லோருக்கும் நானே பொறுப்பு என்றேன்.

சுண்ணாம்பு வாளி கவிழ்கிற அளவுக்குச் சிரித்தார்கள். அக்கா மகன் டெரல், கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை செய்கிறவன், சொன்னான்: "மாமாகிட்ட ரகசியம் சொல்றதும் கோயில் மணியை அடிக்கிறதும் ஒண்ணுதான்." அவன் நிச்சயதார்த்த மோதிரம் வாங்கியதை அந்தப் பெண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நான் ஊருக்குச் சொல்லிவிட்டேனாம். அவளுக்குத் தலை வாரிக்கொள்ள நேரம் கிடைத்ததே, அதற்கு ஒரு நன்றி கிடையாது.

அக்கா ஓடிலியா மட்டும் சிரிக்கவில்லை. அத்தான் பெயரின் எழுத்துகளுக்குள் போன சுண்ணாம்பை ஒரு குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 9

அக்காவுக்குக் கணையத்தில் கட்டி. டாக்டர் வருஷக் கணக்கில் பேசவில்லை, மாதக் கணக்கில்தான் பேசினார் என்று அவளே சொன்னாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள், எதையும் சுற்றி வளைக்க மாட்டாள்.

இன்று நான் எங்கேயும் போகவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 24, நன்றித் திருநாள்

வான்கோழி என் கைவண்ணம். எண்ணெயில் இறக்கியதும் எங்கள் சதுப்பு வாய்க்கால் பாயூவின் கரை முழுக்க மணம். மூன்று முதலைகள் தண்ணீரைவிட்டு ஏறி வந்து எட்டிப் பார்த்தன.

சாப்பிட்டு முடித்ததும் ரெனெல் மடிக்கணினியைத் திறந்து அம்மாவிடம் கடவுச்சொற்களைக் கேட்டாள். படங்கள் எல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும்தான் என்றாள் அக்கா. தான் போனதும் தன் இணையப் பக்கத்தை நினைவுப் பக்கமாக்கிப் பூட்டிவிடச் சொன்னாள், அதில் எவனும் கண்ணாடி விற்கக்கூடாது. ஆனால் போனை யாரிடம் கொடுப்பது என்று இன்னும் யோசிக்க வேண்டுமாம்.

"யோசிக்க என்னம்மா இருக்கு? நான் ஒருத்தி இருக்கேன்ல?"

"நீ இருக்கே. அதான் யோசிக்கிறேன்."

ரெனெல் முகம் விழுந்துவிட்டது. பீக்கன் பருப்பு இனிப்பைத் தொடாமலே எழுந்து போனாள்.

பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் என் தகுதிகளை எடுத்துச் சொன்னேன். ஆல்சி பாபினோ என்றால் சும்மாவா? பன்னிரண்டடி முதலை ஒன்று பூட்ஸோடு என் காலைக் கவ்வி, ருசி பார்த்து, வேண்டாமென்று துப்பிவிட்டுப் போனது. சாவே என் பக்கத்தில் வர யோசிக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டது. இருந்தாலும் இந்தப் போனில் எனக்குத் தெரியாத பொத்தான் இல்லை. அக்கா ஈரக் கையால் என் கன்னத்தில் தட்டினாள்.

எனக்கு இது வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். போகும்போது அவள் ஒரு பொருளையாவது என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ஜனவரி 6, 2023

ரகசியம் காக்கப் பயிற்சி எடுக்கிறேன். பக்கத்து வீட்டு வெர்னெலின் பல்செட்டு பாயூவில் விழுந்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று சபதம்.

ஜனவரி 7

முடிவெட்டுகிறவரிடம் மட்டும் சொன்னேன். அது கணக்கில் வராது.

ஜனவரி 9

வெர்னெல் என்னோடு பேசுவதில்லை. ஒரு கெளுத்தி அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு திரிகிறது என்று நான் சேர்த்துச் சொன்னதுதான் கோபமாம்.

பிப்ரவரி 25

தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. தூக்கிப் படகில் உட்காரவைத்தேன். மூட்டை தூக்கின இந்தக் கைகளுக்கு அவள் ஒரு கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள் — இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே போனதும் இயந்திரத்தை அணைக்கச் சொன்னாள்.

"போனை உன்கிட்டதான் கொடுக்கப் போறேன், ஆல்சி."

நான் எழுந்து நின்றுவிட்டேன். படகு கவிழப் பார்த்தது.

"உக்காருடா, என்னை இப்பவே அனுப்பிடாத. உள்ளே ஒருத்தர்கூட நான் பேசினது இருக்கு. வருஷக்கணக்கா. நான் போனதும் அதை அழிச்சிடணும்."

இப்போதே நீயே அழித்துவிடலாமே என்று கேட்டேன்.

"தினமும் எடுத்துப் படிக்கிறேன்டா. இருக்கிற வரைக்கும் எனக்கு வேணும். அப்புறம் யாருக்கும் வேணாம்."

கழுத்தை அறுத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யக் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"சத்தியமெல்லாம் எதுக்கு? நீ படிப்பே. படிச்சா சொல்லுவே, உன்னால இருக்க முடியாது. சொல்லிக்கோ. ரெனெல்கிட்ட கொடுத்தா அவ வாயே திறக்க மாட்டா, ஆனா மூஞ்சி காட்டிக்கொடுத்துடும். நீ நடந்ததை அப்படியே சொன்னாலும் ஒருத்தன் நம்ப மாட்டான். இந்த ஊர்லயே கெட்டிப் பூட்டு நீதாண்டா."

வீடு வரும்வரை நான் பேசவில்லை. என் வாழ்நாளில் அதுதான் நீளமான மௌனம்.

பிப்ரவரி 26

சாப்பிடப் பிடிக்கவில்லை. பாராட்டா அது? என் சொல்லை ஒருத்தனும் நம்ப மாட்டானாம் — சொந்த அக்கா வாயால் — இத்தனை வருஷமா நான் என்ன, சும்மா குரைக்கிற நாயா?

பிப்ரவரி 27

பாராட்டுதான். யோசித்துப் பார்த்துவிட்டேன். பாதிரியாரிடம் ஏன் சொல்கிறார்கள்? அவர் வாயைத் திறக்க மாட்டார் என்பதால். நான் திறந்தாலும் ஆபத்தில்லை. யார் பெரிய ஆள்?

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மேஜையில் செய்தித்தாள் விரித்து, மிளகாய் போட்டு அவித்த கிராஃபிஷ் என்ற ஆற்று இறாலைக் குவித்து, எல்லோரும் விரல் எரிய உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா அறிவித்தாள். போன் ஆல்சிக்கு. எழுபது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிராஃபிஷையும் சேர்த்து எண்ணினால் சரியாக வரும்.

"வங்கிப் பெட்டகத்தைச் சந்தை நடுவுல திறந்து வைக்கிற மாதிரி இருக்கும்மா," என்றாள் ரெனெல்.

"என் போன். என் இஷ்டம்," என்றாள் அக்கா. எல்லோருக்கும் முன்னால் கடவுச்சொல்லை என் காதில் சொன்னாள். இரண்டு தரம் சொல்லவைத்தேன், எல்லோரும் பார்க்க வேண்டுமே. டெரலிடம் பதினைந்தடி முதலைக் கதையை மறுபடி சொல்லி, நம்பிக்கைக்குரிய ஆள் என்றால் யார் என்று விளக்கினேன்.

ரெனெல் டிரக்குக்குப் பின்னால் போய் அழுதாள். மிளகாய்க் கையோடு கண்ணைத் தொட்டுவிட்டேன் என்று சொன்னாள். மிளகாய்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

மே 30

விடியும்போது அக்கா போனாள். நாங்கள் மூவரும் கூட இருந்தோம். இதில் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை.

ஜூன் 11

முடித்தாகிவிட்டது.

படங்களை முதலில் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். பஸ்ஸின் கண்ணாடி வழியாக எடுத்த சூரிய உதயங்கள் மட்டுமே ஒரு லாரிக்கு ஆகும். அவளுடைய பக்கத்தைப் பூட்டியாகிவிட்டது. இனி அங்கே பூ வைக்கலாம், கண்ணாடி விற்க முடியாது. வேலைகளை ஒவ்வொன்றாக ரெனெல் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். அதாவது, எனக்குத் தெரியுமென்றாலும் அவளுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பேச்சுகளைத் திறந்தேன். முழுவதும் படித்தேன். என் அக்கா அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. எழுத்தில்கூடக் கேட்டது. அழித்துவிட்டேன்.

யாரென்று இங்கே எழுதலாம் என்று நினைத்தேன். இந்த நோட்டு மேஜைமேல் கிடக்கும். எழுதினதை யாராவது நம்பிவிட்டால்?

எழுதவில்லை.

அக்டோபர் 28, சனி

சுண்ணாம்பு நாள். இந்த வருஷம் நான்கு பேரை வெள்ளையாக்கினோம். ஓடிலியா பெயர் புதிதாகச் செதுக்கியது, எழுத்து கத்தி மாதிரி இருக்கிறது. அதற்குள் போன சுண்ணாம்பைக் குச்சியால் எடுத்தது நான். நின்றுகொண்டு எடுத்தேன்.

பூடான் சாப்பிடும்போது ரெனெல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை மாதம் கேட்காதவள் கேட்டுவிட்டாள்: "அம்மா யார்கூட மாமா பேசினாங்க?"

சொன்னேன். மெக்சிகோவில் டிரம்பெட் ஊதுகிற ஒரு கிழவர் என்றேன். டெரல் தலையில் அடித்துக்கொண்டான். இல்லை, பதவியை விட்டு ஓடிப்போன ஒரு பிஷப் என்றேன். இல்லை, கோயில் சமையல் போட்டிச் சண்டையால் அக்காவோடு முப்பது வருஷம் முகம் கொடுக்காத அந்த வெர்லி அம்மாள்தான். பகலில் முறைப்பு, ராத்திரியில் கும்மாளம் என்றேன். இல்லை, கிளோவிஸ் அத்தானின் பழைய எண்ணுக்கு அக்கா எழுதிக்கொண்டே இருந்தாள், அந்த எண்ணை வாங்கின எவனோ ஒரு அந்நியன் ஒருநாள் பதில் எழுதிவிட்டான் என்றேன். இல்லையில்லை, வானிலை அறிவிப்பு வாசிக்கிற அழகன் என்றேன்.

ஐந்தில் ஒன்று நடந்தது அப்படியே. ஓர் எழுத்து நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதைச் சொன்னபோதுதான் ரெனெல் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "போதும் மாமா, இது ரொம்ப ஓவர்" என்றாள். அக்கா கல்லைப் பார்த்தேன். பூட்டு கெட்டி.

எல்லோரும் வாளி கழுவப் போன பிறகு ரெனெல் தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். திரையை என் பக்கம் திருப்பினாள். அவளுக்குப் பிறகு பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நான் கேட்கவில்லை என்பதை ஊரில் யாரும் நம்பப்போவதில்லை.

"நான் உனக்கு முன்னாடி போயிடுவேனேம்மா."

"நீங்களா? பதினெட்டடி முதலையே வேணாம்னு துப்பிட்டுப் போச்சு."

இருபது என்று திருத்தினேன்.