நாலாவது டயர்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். வண்டிச் சாவி உங்க சட்டைப் பையிலயே இருக்கு, வீட்டையே புரட்டிப் போடாதீங்க.

"புது டயரைப் போய் யாராவது குளிப்பாட்டுவாங்களா"ன்னு நேத்து என் தம்பி முன்னாடி சிரிச்சீங்க. கார் கழுவுற கடையில ஏழு வருஷமா குப்பை கொட்டுறவ சொல்றேன், கேளுங்க. டயரை வார்க்குற அச்சுல ஒட்டாம இருக்கப் பூசுற எண்ணெய்ப் பசை புது டயர்லயும் இருக்கும். அது போகாம பளபளப்புக்குக் கோட்டிங் அடிச்சா, திட்டுத்திட்டா உரிஞ்சு வந்துடும்.

மூணு டயரை நான் தேய்ச்சுட்டேன். நாலாவது உங்களுக்கு. நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்ங்க. நல்லாக் காஞ்சப்புறம்தான் கோட்டிங்.

பி.கு.: செருப்பை மாட்டினப்புறம் உங்க முட்டி வலி ஞாபகம் வந்துச்சு. நீங்க குந்த வேண்டாம், நாலாவதையும் நானே தேய்ச்சுட்டேன். எட்டு மணி பஸ்ஸைத்தான் விட்டுட்டேன்.

வாளித் தண்ணியை மட்டும் கொட்டல. காப்பி மாதிரி இருக்கு, பாருங்க. பார்த்துட்டு நீங்களும் கொட்டிடாதீங்க. சாயங்காலம் தம்பி வருவான், அவனும் பார்க்கட்டும்.