மேலே ஒரு மில்லிமீற்றர்

இன்று காலை வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் மெசின் வைத்துப் புல் வெட்டினார்கள். அது கக்கிய ஒயில் புகை யன்னல் வழியாக என் பற்சிகிச்சை அறைக்குள் வந்தது. ஓர் அம்மா கதிரையில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். நான் துளைகருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தேன், மச்சான். கண்ணைத் திறந்தபோது அவர் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டொக்டர், பல்லிலை ஏதும் பெரிய வருத்தமோ?”

“இல்லையம்மா, பல் நல்லாத்தான் இருக்கு” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நல்ல பல்லை ஏன் துளைக்கிறாய் என்று அவர் கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

நாற்பது வயதில் எங்களோடு படித்தவர்கள் காணி பார்த்துத் திரிந்தார்கள். புதுக்கடை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு திரிந்த நீயும், ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் ஒரு பழைய ரேஸ் படகை எஞ்சினோடு வாங்கினோம். இன்று காலை வந்த அதே ஒயில் புகையைத்தான் அதுவும் கக்கும். நீ ஒல்லி, ஆகவே படகு ஓட்டுவது நீ. எனக்குக் கை நடுங்காது, கிளினிக்கில் ஒதுக்கிப்போட்ட பழைய துளைகருவியும் இருந்தது. ஆகவே வெட்டுவது நான். கணக்கு முழுக்க உன்னுடையது. வழக்குக் கடதாசிகளின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு. சிலிண்டர்ச் சுவரில் புகை வெளியேறும் வாசலின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால் புகை முந்தி வெளியேறும், எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும் என்றாய். அந்த வாசலுக்குப் பெயர் போர்ட். நம் வாயில் அதுவும் போட், படகும் போட். “போட்டை வெட்டப் போறம்” என்று நீ சொன்னதைக் கேட்டு, வாங்கிய படகை அறுக்கப் போகிறார்கள் என்று உன் மனைவி என் மனைவிக்கு அழைத்து அழுதது நினைவிருக்கிறதா?

வெட்டுகிற அன்று உனக்கு வழக்கு. நீதிமன்ற வாசலில் நின்று தொலைபேசியில் சொன்னாய்.

“மேல் விளிம்பு. மேலே ஒரு மில்லிமீற்றர். விளங்கினதே? நீதவான் வாறார், வைக்கிறன்.”

எனக்கு நன்றாக விளங்கியது. அதுதான் வினை. படகு எஞ்சினில் சிலிண்டர் படுத்துக் கிடக்கும். உன் ‘மேலே’ தீப்பொறி பிளக் இருக்கிற பக்கம், அதாவது சிலிண்டரின் தலைப்பக்கம். என் ‘மேலே’ வானம் இருக்கிற பக்கம். அரை மணித்தியாலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிக நேர்த்தியாகப் பக்கவாட்டில் வெட்டி, பளபளவென்று மினுக்கியும் விட்டேன். தலையைச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் பக்கம் மாறியது தெரிந்தது. வெட்டிய இரும்பை ஒட்ட முடியாது. நீ வருவதற்குள் எல்லாவற்றையும் பூட்டி, “முடிஞ்சுது மச்சான்” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொல்கொடை ஏரிப் போட்டியில், எப்போதும் கடைசியாய் வருகிற நீ இரண்டாவதாக வந்தாய். அகலப்பட்ட வாசலும் புகையைக் கொஞ்சம் தாராளமாக விடும்தானே. அதை யார் உனக்குச் சொல்வது? அதற்குப் பிறகு ஆறு வருடம் கலியாண வீடு, செத்த வீடு என்று பாராமல் “மேலே ஒரு மில்லிமீற்றர், அவ்வளவுதான்” என்று விரலால் காட்டினாய். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உன் சந்தோசத்தைக் கெடுக்கவும் மனம் வரவில்லை.

களுபோவில ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகப் படுத்திருந்தபோது, இனியும் மறைத்தால் நான் மனிதனில்லை என்று தோன்றிச் சொல்லிவிட்டேன்.

“மச்சான், அண்டைக்கு நான் பக்கவாட்டிலை வெட்டிப்போட்டன். எஞ்சின் படுத்துக் கிடந்தது, மாறிப் போச்சு.”

“உன்னட்டை வாற சனமும் படுத்துத்தானே கிடக்குது. எத்தினை பேரின்ர பல்லை மாறிப் பிடுங்கினனி?” என்றாய். பிறகு, சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையை ஊன்றி எழும்பப் பார்த்தாய்.

“அப்ப என்ர கணக்கை இன்னும் ஒருத்தரும் செய்து பாக்கேல்லை?”

“இல்லை.”

“அப்ப தீர்ப்பு வரேல்லை. நீ போய் வெட்டு.”

ஆறு வருடப் பெருமை பிழையான ஓட்டைக்கு என்று தெரிந்து இப்படி முகம் மலர்ந்த மனிதனை நான் கண்டதில்லை.

போன மாதம் வெட்டினேன். இம்முறை பிளக் பக்கம், மூன்று தரம் அளந்து. ஓட்டுவதற்கு நீ இல்லாததால் நானே ஏறினேன். துறையில் நின்ற காவலாளி என் வயிற்றைப் பார்த்து, “டொக்டர் மஹத்தயா, பர வெடியி நே” என்றான் சிங்களத்தில். பாரம் கூடிப் போச்சாம். அவன் சொன்னது சரி. படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு எருமை போல நகர்ந்தது. பாதி ஏரி வரை அதே கதைதான். உன் கணக்கு பிழை என்று முடிவே கட்டிவிட்டேன். அப்போதுதான் எஞ்சின் வேகம் பிடித்துக் கூவுகிற சத்தம் வந்தது, மச்சான். படகு தண்ணீரை விட்டு எழும்பியது. உன் கையில்கூட அது அப்படி ஓடியதில்லை. பத்து வினாடி இருக்கும். பிறகு ஒரு முனகல், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

துடுப்பு வலித்துக்கொண்டு திரும்பினேன். வரும் வழியெல்லாம் வாய் தானாகப் பேசியது. கணக்குப் பிழை, அதுதான் இறுகினது என்றேன். நீ பெற்றோலுக்கு ஒயில் குறைச்சு ஊத்தினனி என்றாய். பத்து வினாடி ஓட்டம் ஓட்டமா என்றேன். உன்ர வயிறு இல்லாட்டி பத்து நிமிசம் ஓடியிருக்கும் என்றாய். துறைக்கு வந்து நிமிர்ந்தால், கயிற்றோடு காவலாளி மட்டும் நின்றான். அங்கேயே இருந்து அழுதேன். எஞ்சினுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவன் ஆறுதல் சொன்னான்.

இறுகிய எஞ்சின் இப்போது கிளினிக்கின் பின்னறையில் கிடக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. இரு தரப்புக்கும் நானே ஆஜராகிறேன். பெரும்பாலும் உன் பக்கம்தான் வெல்கிறது.