ஆங்கிலத்தில் சொன்னதும் எனக்குச் சொன்னதும்

அக்கா,

அன்று உங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நான்கு பேர்: நீங்கள், உங்கள் மகன், சீனப் பெண்ணான உங்கள் மருமகள், நான். யாரையாவது விட்டுவிட்டேனா என்று நேற்றிலிருந்து திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறேன்.

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம். மருமகள் உங்கள் திருநீற்றுச் சம்புடத்தை என் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் உங்கள் நெற்றியின் மணம். “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே” என்று அழுதேன், மலாயில்தான். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருப்பது அது ஒன்றே. அவள் திகைத்துப்போனாள். அவளும் மலாயிலேயே கேட்டாள்: “இனிமே வைத்தியம் இல்லன்னு டாக்டர் சொன்னதை அம்மா எங்ககிட்ட சொன்னப்போ, ஆன்டியும் அங்கதானே இருந்தீங்க?”

இருந்தேன். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து உட்கார்ந்தால் பேச்சு ஆங்கிலத்துக்குப் போவது உங்கள் வீட்டு வழக்கம். அவளைத் தனியாக விடக்கூடாது என்ற மரியாதை. அதை நான் குறையாக எண்ணியதே இல்லை. தமிழும் மலாயும் நானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டவை. ஆங்கிலம் எனக்குக் கடைப்பலகை வரைக்கும்தான். அன்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன், அக்கா. உங்கள் மகன் சட்டென்று எழுந்து உள்ளே போனது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

“தைப்பூசத்துக்கு பத்துமலை போவோம்லா. நீ பால்குடம் எடு, நான் கார்லயே உக்காந்து சப்போர்ட் பண்றேன்.”

“உக்காந்துக்கிட்டா? முருகன்கிட்ட கம்ப்ளேன் பண்ணிடுவேன்.”

“பண்ணும் பிள்ளை, பண்ணும். அவர் எனக்குத்தான் முதல்ல பழக்கம்.”

சொந்தக்காரர்களிடம் யாழ்ப்பாணத் தமிழ், பழைய ஆபீஸ் தோழிகளிடம் ஆங்கிலம் என்று பிரித்துப் பேசிய நீங்கள், என்னிடம் மட்டும் எல்லாவற்றையும் கலந்து, கடைசியில் இந்த ஊர் ‘லா’ ஒன்றும் போட்டுப் பேசுவீர்கள். சுபாங் ஜெயாவிலிருந்து வந்த உங்கள் தங்கை ஒருநாள், “என்ன அக்கா, எஸ்டேட் தமிழ் கதைக்கிறியள்?” என்று என் தோட்டத்துப் பேச்சைக் குறித்துச் சிரித்தார். “அப்பிடிக் கதைச்சாத்தான் எனக்கு வாய் நிறையுது” என்றீர்கள். அதை என் ஊர் கிள்ளான் வரைக்கும் ரயிலில் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். நம் பேச்சுக்குக் கதவே கிடையாது என்று நம்பினேன்.

கதவு இருந்திருக்கிறது. உண்மையை நான் நுழைய முடியாத மொழியில் வைத்துவிட்டு, பொய்யை என் பேச்சில், என் ‘லா’வோடு கொடுத்தீர்கள். அதுதான் ஆறவில்லை.

தெரிந்திருந்தால் முருகனுக்கு நேர்த்தி வைத்திருப்பேன். பலிக்காவிட்டாலும் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, தேவாரம் படித்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருப்பேன். நீங்கள் போன நேரத்தில் நான் என் வீட்டில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், அடுத்த வாரம் உங்களுக்குக் கொண்டுவர.

இன்று காலை பாசாரில் மீன்காரத் தம்பி, “வெட்டித் தரவாக்கா?” என்றான். என்னை அறியாமல், ‘ஆமா’ என்பதற்குப் பதில் “ஓம்” என்றேன்.

“என்னக்கா, சிலோன்காரங்க ஆயிட்டீங்களா?”

உங்கள் சொல் என் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோபத்திலும் அதைத் துப்ப மனம் வரவில்லை.

ஏன் அக்கா, என்னிடம் மட்டும் சொல்லவில்லை? என் அழுகையைப் பார்க்கப் பயந்தீர்களா? இல்லை, அந்த ஹாலில் நான் பூக்கட்டுகிறவள் மட்டும்தானா? கனவிலாவது வந்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.