சீனப் புத்தாண்டுக்குப் பால் பொங்கிய கதை

பள்ளிக்கூடத்துக் கைவேலை அலுமாரியைத் துப்புரவாக்கும்படி இன்று சொன்னார்கள். மேல்தட்டில், பசைப் போத்தல்களுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. திறந்தேன். காய்ந்த தோடம்பழத் தோல். நீங்கள் வைத்தது. கறுத்துச் சுருண்டு போயிருந்தாலும் மணம் அப்படியே இருந்தது. கைவேலை அறை முழுவதும் ஒரு கணம் உங்கள் மேசையாகிவிட்டது. எதற்காகக் காயவைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. நான் கேட்காமல் விட்டவற்றால் வந்த வினையைச் சொல்லத்தான் இந்த மடல்.

பாரிசின் லா சப்பலில், கார் து நோர் நிலையத்துக்குப் போகும் ரயில்களின் இரைச்சல் ஓயாத அந்த ஆரம்பப் பள்ளியில், பாடம் முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நம் இருவரின் வேலை. செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு அத்தலியே என்கிற பயிற்சி வகுப்பு. பந்து, நாடகம், சதுரங்கம் என்று பிள்ளைகள் பிரிந்து போவார்கள். உங்களுடையது சீனப் பண்டிகைகளும் கைவேலையும். நீங்கள் சீனாவின் வென்சோவிலிருந்து வந்தவர், நான் பருத்தித்துறையிலிருந்து. நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்கள், நான் தூரிகை கழுவுவேன். நம் இருவரின் பிரெஞ்சும் ஒரே அளவில் நொண்டியதால் ஒருவரை ஒருவர் முந்தாமல் நடந்தோம். அந்தப் பிரெஞ்சை இங்கே என் ஊர்த் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுடைய எதையும் என் ஊராக்கிவிடுவது எனக்கு இப்போது கைவந்த கலை.

மாசியில் சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புத் தாளை நாலாக மடித்து, பென்சிலால் ஒரு கோடும் போடாமல் கத்தரிப்பீர்கள். விரித்தால் இரண்டு மீன்கள் முகம் பார்த்து நிற்கும். பிள்ளைகள் விரித்தால் ஓட்டைதான் இருக்கும். அதையும் யன்னலில் ஒட்டுவீர்கள். ஆனியில் படகுப் பண்டிகைக்குப் பால் பெட்டிகளால் படகு செய்து கைகழுவும் தொட்டியில் ஓட்டம் விட்டீர்கள். புரட்டாசியில் காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஊர்வலம். நேரம் நாலரை மணி, வெயில் கண்ணைக் குத்தியது.

"மடாம், நிலாப் பண்டிகை எண்டீங்கள். நிலா எங்கை?" என்று ஒருவன் கேட்டான்.

"நிலா இன்னும் வேலையாலை வரேல்லை. நானும் ஆறு மணிக்குத்தான் வீட்டை போவன். நட," என்றீர்கள்.

உங்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் எதையாவது கேட்டுத் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிடுவீர்கள். சிங்க நடனத்தில் சிங்கம் ஏன் கண்ணைச் சிமிட்டுகிறது என்று ஒருத்தி கேட்டபோது, "தெரியாது. அம்மாவைக் கேட்டுக்கொண்டு வாறன்," என்று நடைபாதைக்குப் போய் வென்சோவுக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். நீங்கள் போட்ட சத்தத்தில் நான் ஓடிவந்து, "வீட்டிலை சண்டையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நாங்கள் அன்பாக் கதைச்சால் இப்பிடித்தான்."

பிறகு வகுப்புக்குள் வந்து, "அம்மாவுக்கும் தெரியாதாம்," என்று அறிவித்தீர்கள். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோசம். கற்பிக்கிறவர் அப்படிச் சொல்லக்கூடாது, மதிப்புக் குறையும் என்று நான் புத்தி சொன்னேன். "தெரியாது எண்டு சொல்லி ஒருத்தரும் செத்ததில்லை," என்றீர்கள். தெரியாது என்ற சொல்லை அதுவரை நான் எந்த மொழியிலும் பயன்படுத்தியதில்லை. இங்கே வரும் ஒரு தமிழ் மாத இதழில் நான் பகடிக் கட்டுரை எழுதுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தொழிலுக்கு அது ஆகாத சொல்.

அந்தக் குளிர்காலம் நீங்கள் மெலிந்துகொண்டே போனீர்கள். "விடுமுறை முடிய வாறன்," என்று சொல்லிப் போனீர்கள். விடுமுறை முடிந்து நான் வந்தேன், உங்கள் சாவுச் செய்தி வந்தது. உங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது.

சீன அத்தலியேயை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது எங்கள் பொறுப்பாளர் அம்மா என்னைப் பார்த்தார். "நீங்கள் இத்தனை வருசம் பக்கத்திலை நிண்டனீங்கள். நீங்களும் ஆசியர்தானே." வென்சோவுக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட தூரம் அந்த அலுவலகத்தில் ஒரு மேசையின் அகலம். நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் அந்த நேரத்துக்கு உடற்பயிற்சி நடனம் வந்துவிடும் என்றார். உங்கள் மேசையில் நடனமா என்று கோபம் வந்து ஏற்றுக்கொண்டேன். கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்கென்று ஒரு வகுப்புக் கிடைத்த மகிழ்ச்சியும் அதில் இருந்தது.

முதல் இரண்டு வருடம் நீங்கள் செய்ததைப் பார்த்துச் செய்தேன். பிறகு உங்கள் மகள் பாலர் பள்ளி முடிந்து எங்கள் பள்ளிக்கு வந்து என் அத்தலியேயில் சேர்ந்தாள். முன்வரிசையில் இருப்பாள். ஒரு நாள், எல்லோரும் தாள் கத்தரித்துக்கொண்டிருந்தபோது, கையை உயர்த்தினாள்.

"முசியே, புதுவருசத்துக்கு அம்மா வீட்டிலை என்ன செய்யிறவ?"

உங்கள் வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. தெரியாது என்ற சொல் நாலே எழுத்துத் தூரத்தில் இருந்தது. இருபது பிள்ளைகள் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "பால் பொங்குவா," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. பண்டிகை என்றதும் கைக்கு எட்டியது அதுதான். "பொங்கி வழிய விடுவா. வழிஞ்சால்தான் அந்த வருசம் நல்லது." அவள் முகத்தைப் பார்த்தேன். அடுத்த வாரமும் அந்த முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, புதுச்சட்டையின் கழுத்தோரம் மஞ்சள் தொட்டு வைப்பீர்கள் என்றேன். அதற்கடுத்த வாரம், அன்று காலை வாசலில் மாக்கோலம். பொய்க்குப் பொய் நான் கூச்சம் குறைந்து, விபரம் கூட்டினேன். எழுத்தாளனல்லவா.

உலகத்தின் எல்லா மொழியும் எல்லாப் பண்டிகையும் தமிழிலிருந்து போனவை என்று மேடையில் நிறுவுகிறவர்களைப் பற்றி நான் எவ்வளவு எழுதியிருக்கிறேன்! அவர்கள் பேசிப் பேசியும் ஒரு தீவைக்கூடப் பிடிக்கவில்லை. நான் பசையும் கத்தரிக்கோலும் வைத்து முழுச் சீனாவையும் தமிழாக்கிவிட்டேன்.

பலன் முதலில் பள்ளி வாசலில் தெரிந்தது. என் வகுப்பில் உள்ள ஒரு தமிழ்ப் பையனின் தாய் என்னை மறித்தார்.

"அண்ணை, சீனாக்காரரும் பால் பொங்குவினமோ?"

"உலகத்திலை கனபேர் பால் காய்ச்சுவினம், தங்கச்சி."

"காய்ச்சுறது வேறை, பொங்க விடுறது வேறை. இவன் போய்த் தேப்பனுக்குச் சொல்லுறான், நாங்கள் அவையிட்டையிருந்து களவெடுத்தனாங்களாம். முசியே படிப்பிச்சவராம். மனுசன் கோவத்திலை பொங்கலும் தின்னேல்லை."

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அதை ஒரு கட்டுரையாக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

இந்த வருடப் புத்தாண்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை உங்கள் கணவர் பள்ளி வாசலுக்கு வந்தார். அவரை நான் அடிக்கடி கண்டதில்லை. ஆர்ஜொந்தெய் புறநகரில் ஒரு சிகரெட் கடையை விடியத் திறந்து இருட்டிய பிறகு பூட்டுகிறவர்.

"முசியே, ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை வருசப்பிறப்பு. பால் பொங்கோணும் எண்டு மகள் நிக்கிறாள். எங்கட மின்சார அடுப்பு பொங்க விடுதில்லை. ஒரு சொட்டு வழிஞ்சாலும் கத்திப்போட்டு நிண்டுபோகுது. என்ரை மனுசி எப்பிடிச் செய்தவள்?"

பாரிசில் அடுக்குமாடியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தை மாதந்தோறும் ஆராயும் பொறியியல் பிரச்சினை இது. என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது. "சட்டியைக் கொஞ்சம் சரிச்சு வையுங்கோ. கிழக்குப் பக்கமா."

அவர் தலையாட்டினார். போகாமல் நின்றார்.

"அவளுக்குப் பால் வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது. எண்டாலும் பிள்ளைக்காகச் செய்திருக்கிறாள். நான் ஒருக்காலும் காணேல்லை. வருசப்பிறப்பு எண்டால் சனம் அதிட்டம் பாக்க லொத்தர் சீட்டு வாங்க வரும், கடையைப் பூட்டேலாது. மகளுக்கு எல்லாம் ஞாபகமிருக்கு. அம்மா பொங்கினது வெள்ளைச் சட்டியிலை எண்டும் சொல்லுறாள். எனக்குத்தான் ஒண்டும் தெரியாது." காலடியைப் பார்த்தபடி சொன்னார். "நீங்களும் வாங்கோ, முசியே. ஒருக்கால் காட்டித் தாங்கோ."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஓம், வாறன் என்றேன்.

நீங்கள் இருந்த காலத்தில் வராத வீட்டுக்கு ஞாயிறு காலை வந்தேன். வாசலில் மாவால் ஒரு வட்டம் போட்டிருந்தாள் உங்கள் மகள். புதுச் சிவப்புச் சட்டை, கழுத்தோரம் மஞ்சள். "மஞ்சள் ரூ பெர்தொனேயிலை தமிழ்க் கடையிலை வாங்கினனான்," என்றார் உங்கள் கணவர். "கறிக்கோ எண்டு கேட்டவர் கடைக்காரர். சீன வருசப்பிறப்புக்கு எண்டன். என்னை ஒரு பார்வை பார்த்துப்போட்டுத் தந்தவர்." கடையை அன்று பூட்டியிருந்தார். கல்யாணம் கட்டிய பிறகு வருடப்பிறப்புக்குக் கடை பூட்டியது இதுதான் முதல் தடவையாம்.

பாலை வைத்தார். நுரை எழுந்தது, ஒரு சொட்டு விழுந்தது, அடுப்பு கத்தி நின்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி கத்தியது. மகளிடம் திரும்பி, "அம்மாவுக்குக் கைப்பழக்கம், பிள்ளை. அப்பா ஒரு வருசமாவது நிண்டு பாத்திருந்தால் இப்ப தெரிஞ்சிருக்கும்," என்றார். நான் விளையாட்டாகச் செய்த ஒரு பண்டிகைக்கு வராமல் போன குற்றத்தை அந்த மனிதர் சுமந்துகொண்டு நின்றார்.

"அம்மா பால் பொங்கினதில்லை," என்றேன். "அது என்ரை ஊர். மஞ்சளும் என்ரை ஊர். கோலமும். நான் பொய் சொன்னனான்."

ஏற்கனவே நின்றுவிட்ட அடுப்பை அவர் இன்னொரு முறை அணைத்தார். "அப்ப நான் ஒண்டையும் விடேல்லையோ?" என்று கேட்டார். அவர் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது. வந்த வேகத்தில் போனது. விட்டதாக நினைத்தது இல்லையென்றாகிவிட்டது. உண்மையில் விட்டது என்னவென்று சொல்ல நீங்கள் இல்லை.

"நான் பாத்தனான்," என்றாள் மகள். "வெள்ளைச் சட்டி."

அவள் கழுத்தோரத்து மஞ்சளைச் சட்டைக் கையால் தேய்த்தாள். அது போகிற நிறமில்லை. தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப, எது அம்மாவின்ரை?"

இரண்டு மீன்களைப் பற்றிச் சொன்னேன். வேலையிலிருந்து திரும்பாத நிலாவைப் பற்றியும், நடைபாதையில் அன்பாகக் கத்தியதைப் பற்றியும் சொன்னேன். அவ்வளவுதான் இருந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் நின்றவனிடம் ஒரு கைப்பிடி. "மிச்சம் எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றேன். நீங்கள் சொன்னது சரி, சாகவில்லை. ஆனால் கிட்டத்தட்ட.

அவள் யோசித்தாள். "எனக்கு ஒண்டு ஞாபகமிருக்கு. இது ஆரும் சொல்லித் தரேல்லை. காலமை எனக்குக் கோட் பொத்தான் பூட்டேக்கை அம்மா சொல்லுவா, 'கெதியா, கெதியா' எண்டு."

"அது பிரெஞ்சு," என்றார் உங்கள் கணவர். "பள்ளிக்கூடத்திலை பழகினவள்."

"பிரெஞ்சிலை அப்பிடி ஒண்டும் இல்லை, பப்பா. அது வென்சோ."

"வென்சோவிலை இல்லை."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் வாயிலிருந்து வந்ததே அந்தத் தமிழ்ச் சொல்தான்; விரைவாக என்பதற்கு எங்கள் ஊரில் சொல்வது அது. தொட்டியடியில் நின்று, எந்த நாட்டுப் பிள்ளையானாலும், நாள் முழுக்க நான் கத்தியது. என் முன்னால் நீங்கள் ஒரு தமிழ்ச் சொல்லும் சொன்னதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள், எனக்குச் சொல்லவேயில்லை. அவளிடம் கலப்பில்லாமல் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். பேசாமல் இருந்தால் அது அவளுக்கு உங்களுடையதாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தச் சமையலறையில் இன்னொரு பொய்யை வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

"அதுவும் என்ரை ஊர்ச் சொல்லுத்தான்," என்றேன். முந்திய பொய்கள் எல்லாவற்றையும்விட இந்த உண்மைக்கு அதிகம் வெட்கப்பட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லுங்கோ பாப்பம்."

"கெதியா."

"பிழை," என்றாள் உடனே. "அம்மா அப்பிடிச் சொல்லமாட்டா." பிறகு அவள் சொன்னாள்: முதல் எழுத்தைப் பள்ளத்தில் போட்டு, கடைசியைக் கேள்விபோல் மேலே இழுத்து. நடைபாதையில் உங்கள் அம்மாவோடு பேசிய அதே குரலின் ஏற்ற இறக்கம். நான் முயன்றேன். பிழை. இன்னொருமுறை. பிழை. உங்கள் கணவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு முதல் தடவையிலேயே வந்தது. அவர் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு சட்டியைக் கழுவினார்.

அத்தலியேயை இன்னும் நான்தான் நடத்துகிறேன். பிள்ளைகளிடம் எது சீனம், எது என் ஊர், எது வெறும் புளுகு என்று சொல்லிவிட்டேன். புளுகைத்தான் மறக்கமாட்டோம் என்கிறார்கள். மூன்று மணிக்கு அவர்களை முற்றத்திலிருந்து கூப்பிடும்போது, உங்கள் உச்சரிப்பில் 'கெதியா' என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். வாசலில் நிற்கும் எங்கள் சனம், இவனுக்குத் தமிழும் கெட்டுப்போச்சு என்று தங்களுக்குள் சிரிக்கிறது. நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. வரிசையின் முன்னால் நிற்கும் உங்கள் மகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையை இல்லை என்று ஆட்டுகிறாள். இன்னும் சரியாக வரவில்லையாம்.