அவர் பெயரில் ஓடும் மெஷின்

12 மார்ச் 2024, செவ்வாய்

அவருடைய கம்ப்யூட்டர் இன்று ஏழு வேலைகளைக் கெடுத்திருக்கிறது. ஏழுக்கும் நேராக ஒரே வாசகம்: கம்ப்யூட்டேஷன் எரர். சிவப்பு எழுத்தில் வேறு.

எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஏதோ நோய்க்கு மருந்து தேடுகிறார்களாம். அதற்கான பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, ஊர் ஊராக வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நம் மெஷின் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. ஒரே துண்டு இரண்டு வீடுகளுக்குப் போகும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். இதைத்தான் அவர் பன்னிரண்டு வருஷமாகச் செய்தார். எனக்கு ஆயிரம் தடவை விளக்கியிருப்பார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நவம்பரில் அவர் போனபிறகு அந்த அறைப் பக்கமே போகவில்லை. இந்த மாதம் முதல் தேதி நானே சுவிட்சைப் போட்டேன். பாஸ்வேர்டு சமையல் கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்தது. திரையின் மேலே அவர் பெயர் வந்தது — கோபாலகிருஷ்ணன், புதுப்பட்டினம். அன்றிலிருந்து இரவும் பகலும் ஓட விட்டிருக்கிறேன். ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லை. இப்போது என்ன கேடு வந்தது இதற்கு?

13 மார்ச்

வீட்டு வேலைக்கு வரும் பொன்னி துடைப்பத்தோடு அந்த அறை வாசலில் நின்றுவிட்டாள். "இன்னாம்மா, ஆளில்லாத ரூம்ல ஃபேன் சத்தம் கேட்டுகினே கீது?"

ஃபேன் இல்லை, மெஷின் என்றேன்.

"யாருக்கு ஓடுது?"

போய்ப் பாத்திரத்தைத் தேய் என்று அதட்டினேன். பாவம், அவள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை.

தூசியாக இருக்குமோ? ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் அறையை ஒழித்துத் துடைத்து, மேஜை இழுப்பறையில் மடித்து வைத்திருந்த உறையைத் துவைத்து மாட்டினேன். நான் தைத்த ரெக்ஸின் உறை. இந்த ஊரில் உறை போடாத சாமான் உருப்படாது. கடல் அரை மைலில். உப்புக்காற்று பீரோவையே தின்றுவிடும். கிரைண்டர், மிக்ஸி, ரேடியோ எல்லாவற்றுக்கும் என் கையால்தான் உறை. அணுசக்தி சென்டரில், ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவளுக்குச் சாமானைக் காப்பாற்றத் தெரியாதா?

15 மார்ச்

தப்பு செய்யச் செய்ய, ஒரு நாளைக்குக் கொடுக்கும் வேலையைக் குறைக்கிறார்கள். இருபது கொடுத்தவர்கள் இன்று ஆறுதான் கொடுத்தார்கள். ஆறும் பிழை.

17 மார்ச், ஞாயிறு

புனேயிலிருந்து வைஷாலி பேசினாள். சித்திரை ஒன்றுக்கு வருகிறாளாம். வீட்டைப் பூட்டிவிட்டு என்னைக் கூட்டிப் போவதாகத் திட்டம்.

"அப்பா மெஷின் ஓடிட்டிருக்கேடி" என்றேன். எனக்கே அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.

"சரி, அது நின்னுட்டா வருவியா?"

பெற்ற மகள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் பிடித்துவிட்டாள். இந்த வீட்டில் நான் இருப்பதற்கு வேறு காரணம் என்னிடம் இல்லை. அது நின்றால், திரையில் அவர் பெயருக்கு எதிரே ஏறிக்கொண்டிருக்கும், முடித்த வேலைகளின் எண்ணும் நின்றுவிடும். அப்புறம் அவர் நிஜமாகவே இல்லை.

19 மார்ச்

ஆட்டோவில் வைத்து ஏசுபாதத்தின் கடைக்குக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டர் ரிப்பேரும் பார்ப்பவர். "ரெண்டு நாள் வுட்டுட்டுப் போங்க மேடம், ஓட வுட்டுப் பாக்கறேன்" என்றார்.

20 மார்ச்

வீட்டில் சத்தமே இல்லை. குக்கர் விசில்கூட அடுத்த வீட்டினுடையது.

21 மார்ச்

ஏசுபாதம் சிரிக்கிறார். "மெஷின் ஷோக்கா கீது மேடம். பத்து வேலை முட்சிது, ஒண்ணுகூட அவுட் இல்ல. உங்க வூட்டு கரன்ட்டுதான் பேஜாரு."

கொண்டுவந்து, துடைத்து, போர்த்தி, ஓட விட்டேன். மாலைக்குள் இரண்டு பிழை.

24 மார்ச்

புது ஸ்டெபிலைசர் வாங்கினேன். எர்த் ஒயர் மாற்றினேன். நெட் கேபிளையும் மாற்றியாயிற்று. ஸ்டோர்ஸ் பழக்கம், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். பிழை, பிழை, பிழை. இப்போது நாளைக்கு ஒரே ஒரு வேலைதான் தருகிறார்கள்.

கடையில் ஓடுகிறது. இங்கே ஓடவில்லை. அப்போ என்ன அர்த்தம்? என் வீடுதான் கோளாறா? நான்தானா? ஏங்க, உங்க கை பட்டா ஓடிச்சு, என் கை பட்டா நின்னுபோவுதே, நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க.

சாப்பிடவில்லை.

27 மார்ச்

இந்த வேலையைச் செய்யும் தமிழர்களுக்கு ஒரு அணி இருக்கிறது, ஒன்பது பேர். அணியின் பக்கத்தில் என் சந்தேகத்தை எழுதினேன். அவர் கணக்கில்தானே நான் இருக்கிறேன், அதனால் அவர் பெயரில்தான் போயிற்று. ஒரு மணி நேரத்தில் கூடுவாஞ்சேரியிலிருந்து ஷபானா என்று ஒரு பெண் பதில் போட்டாள்.

"சார், நாலு மாசமா ஆளையே காணோமே. உடம்பு நல்லா இருக்கீங்களா?"

அவர் இல்லை என்றுதான் எழுத வேண்டும். 'நலம்' என்று எழுதிவிட்டேன்.

பொய்தான். ஆனாலும் இன்று முழுக்க, கூடுவாஞ்சேரியில் ஒருத்தியைப் பொறுத்தவரை அவர் நலமாக இருந்தார். எனக்கு அது வேண்டியிருந்தது.

29 மார்ச், வெள்ளி

ஷபானா எழுதியிருக்கிறாள்: "சார், எனக்கு இதே பிரச்சினை வந்தப்ப நீங்க சொன்னதையே உங்களுக்கு அனுப்புறேன். சிரிக்காதீங்க." கீழே 2019-இல் அவர் எழுதியது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

'முதலில் மெஷின் காற்றோட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். சூடு ஏறினால் கணக்கு தப்பும். ஓடும்போது எதையும் போர்த்தக் கூடாது. எங்கள் ஊர் கடலோரம். என் மனைவி எல்லாவற்றுக்கும் உறை தைப்பவர், இதற்கும் ரெக்ஸினில் ஒன்று தைத்தார். காலையில் அவர் ஆபீஸ் பஸ் ஏறியதும் கழற்றிவிடுவேன். சாயங்காலம் அவர் வருவதற்குள் மெஷினை நிறுத்தி, ஆறவைத்து, போர்த்திவிடுவேன். போர்த்தியிருப்பதைப் பார்த்தால் அவருக்கு ஒரு திருப்தி. ராத்திரிக் கணக்கு போனால் போகட்டும்.'

நாலு தடவை படித்தேன். எழுந்துபோய் உறையைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது.

நான் ரிட்டயர் ஆனபிறகு, பகலெல்லாம் அந்த அறைக் கதவைச் சாத்தியே வைத்திருப்பார். சத்தம் உனக்குத் தலைவலி என்பார். அந்தக் கதவுக்காக இரண்டு வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். வீட்டில் ஒருத்தி இருப்பது மறந்துபோச்சா, என்னைவிட அந்தப் பெட்டி உசத்தியா என்று கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொள்வார். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் விளக்கேற்றிவிட்டு உள்ளே போனால் மெஷின் போர்த்தியபடி இருக்கும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் சொன்னீங்களே, என்கிட்ட சொன்னா என்ன? உறைதானே, கழட்டிப் போட்டிருப்பேனே. கதவைத் திறந்து வெச்சிருக்கலாமே. ரெண்டு வருஷங்க.

அழுதேன். கோபத்தில்தான் முக்கால்வாசி.

30 மார்ச்

உறையில்லாமல் ஓடியது. ஒரு வேலை. பிழை இல்லை. இன்னொரு வீட்டின் விடையோடு ஒத்துப்போயிற்று. அது யார் வீடு என்று தெரியாது, எண் மட்டும்தான் காட்டுகிறார்கள்.

2 ஏப்ரல்

ஷபானாவுக்கு உண்மையை எழுதினேன். சார் நவம்பரில் காலமாகிவிட்டார், எழுதியது நான், வசுமதி, மன்னிக்கணும் என்று. என் போன் நம்பரையும் சேர்த்தேன்.

4 ஏப்ரல்

ஷபானா போனில் கூப்பிட்டாள். "உறை தைக்கிற அம்மா நீங்கதானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். வருவாளோ என்னவோ, சொல்கிறவர்கள் எல்லாரும் வருவதில்லை.

9 ஏப்ரல்

இன்று பதினாறு. பிழை இல்லை.

14 ஏப்ரல், ஞாயிறு. சித்திரை ஒன்று

நேற்று மத்தியானம் வைஷாலி வந்தாள். திரும்பிப் போக ஒரே டிக்கெட்தான் போட்டிருக்கிறாள். மேஜைமேல் கிடந்ததைப் பார்த்துவிட்டேன். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். கம்ப்யூட்டருக்குப் புது உறை. நீலத் துணியில் அவளே தைத்தது, ஓரமெல்லாம் கோணல்மாணல்.

"மெஷின் இருக்கட்டும்மா. நீயும் இரு. உப்புக்காத்துக்கு இதைப் போட்டுவை" என்றாள்.

ஓடும்போது போடக் கூடாது என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சாயங்காலம் மெஷினை நிறுத்தி, ஆறவைத்து, அவள் பார்க்கப் போர்த்தினேன். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அளவு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

இன்று காலை அவள் குளிக்கப் போனதும் உறையைக் கழற்றி, மடித்து, இழுப்பறையில் வைத்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டு அந்த அறைக் கதவைச் சாத்தினேன்.